தாராவியில் மூன்று ஜப்பானிய வாள்தட்டுகள்

மூன்று துருப்பிடித்த இரும்புத் தட்டுகளுக்காகத்தான் நான் பம்பாய் போனேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால் தங்கை கணவரின் தந்தி வந்த மறுநாளே புறப்பட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சென்னைச் சுங்க இலாகாவில் முப்பது வருடம் மதிப்பீட்டாளனாக இருந்தேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெட்டி துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான இரும்புத் தட்டுகள். உள்ளங்கை அகலம், நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே, விரல் வழுக்கி அலகில் போகாமல் தடுக்கிற காப்பு அது. அவர்கள் மொழியில் சுபா. இரும்புச் சாமான் என்று வரி போடுவதா, ஆயுதம் என்றா, கலைப்பொருள் என்றா? மூன்று பிரிவுகள் கோப்பைப் பந்தாடிவிட்டுக் கடைசியில் என் மேஜையில் கொண்டுவந்து போட்டன. எட்டு மாதம் அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து, எந்தத் தட்டு எந்தப் பிரதேசத்துப் பட்டறையில் பிறந்தது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். நாற்பது பக்கம் குறிப்பு எழுதினேன். மேலதிகாரி கடைசிப் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டார். முதல் பக்கத்தைத் திறந்த அடையாளம் இல்லை.

அந்த நாற்பது பக்கத்தின் நகலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தாதரில் இறங்கினேன்.

மாதுங்காவுக்கு வருகிறவன் மயிலாப்பூரை விட்டு வந்ததாக உணர்வதில்லை. காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை, மல்லிகைப்பூ, அப்பளக் கட்டு, வாழையிலை எல்லாம் இருக்கின்றன. வித்தியாசம் மூன்று மாடி ஏறினால் தெரியும். என் தங்கை சரோஜா வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். மாம்பலத்தில் என் வீட்டுக் கிணற்றடியே அந்தக் கூடத்தைவிடப் பெரிது. குளியலறைக்கு நேர அட்டவணை உண்டு. எனக்கு ஆறு இருபது ஒதுக்கப்பட்டது. முப்பது வருட அரசாங்க சேவையில்கூட இவ்வளவு ஒழுங்கான நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

அவள் கணவர் வெங்கிட்டு செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கணக்கர். தொழிற்சாலைக்குத் தோல் பட்டை சப்ளை செய்கிறவர் தாராவி மீரான் சாகிப். தட்டுகளின் சொந்தக்காரர் அவர்தான். சொந்தக்காரர் என்ற சொல்லை அவர் முன்னால் பயன்படுத்தினேன், உடனே திருத்தினார்.

"சொந்தமில்ல சார், அமானிதம். பொறுப்பா வச்சிருன்னு ஒருத்தர் ஒப்படைச்சது."

ரயில் பாதையைத் தாண்டி, பதனிட்ட தோலின் வாசனையைத் தாண்டி, ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. பெல்ட்டும் பெல்ட்டுக்கான பித்தளைக் கொக்கியும் செய்கிறார்கள். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் தட்டுகிற சத்தத்தில், நெல்லைப் பேச்சில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் சத்தம் மட்டும் நின்றது. கிண்டல் குறைந்த குரலில் தொடர்ந்தது. எனக்கென்று மாதுங்காவிலிருந்து பிளாஸ்க்கில் காப்பி வரவழைத்திருந்தார் சாகிப். நான் அங்கிருந்துதான் நடந்து வருகிறேன் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை.

அவர் கடையநல்லூர்க்காரர். சின்ன வயதில் சிங்கப்பூருக்குப் போய், யுத்தத்தில் மாட்டிக்கொண்டு, ஜப்பானியர் நடத்திய ஆஸ்பத்திரியில் கூலி வேலை செய்திருக்கிறார். ஒரு நாள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது. வரிசையில் இவரும் நின்றார். பட்டியல் எழுதிய ராணுவ டாக்டர் இவர் பெயருக்கு நேரே 'நோயாளி' என்று எழுதி ஒதுக்கிவிட்டார். இவருக்கு அன்று தலைவலிகூட இல்லை.

ஜப்பான் சரணடைந்தபோது அந்த டாக்டர் மூன்று தட்டுகளைத் துணியில் சுற்றி இவரிடம் கொடுத்தார். வாளைப் பிடுங்கிக்கொள்வார்கள், இது எங்கள் வீட்டுப் பொருள், ஏழு தலைமுறை, என் ஊருக்குச் சேர்த்துவிடு என்றாராம். ஊரை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கப்பலில் மூட்டை நனைந்ததில் அந்தத் தாள் கூழாகிவிட்டது. மிஞ்சியது தனாகா என்ற பெயர். அது அங்கே தெருவுக்கு நாலு பேர், நம் பக்கத்தில் ராமசாமி என்பது போல என்று ஜப்பானியத் தூதரகத்திலிருந்து மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

இருபது வருடமாக இரும்புப் பெட்டியில் இருந்த பொருளுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். நாலு முறை விண்ணப்பித்து இந்த வருடம்தான் அவருக்கு ஹஜ்ஜுக்குக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. ஆறு நாளில் கப்பல். போவதற்கு முன் கையிலுள்ள அமானிதத்தையெல்லாம் உரியவரிடம் சேர்த்தாக வேண்டும். வெங்கிட்டுவின் தொழிற்சாலையில் பம்பு பொருத்த வந்திருக்கும் ஒகாவா என்ற ஜப்பானிய இன்ஜினியர் ஐந்து நாளில் ஊர் திரும்புகிறார். ஊர் தெரிந்தால் தேடிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஊர் தெரியாமல் வாங்கிக்கொள்ள அவருக்கும் மனமில்லை.

"தெரியலன்னா டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துருவேன் சார். இத வீட்டுல வச்சிக்கிட்டு அங்க போயி நின்னா, நான் என்னன்னு கேப்பேன்?" என்றார்.

துணியைப் பிரித்தார். பதினைந்து வருடம் கழித்து அந்த இரும்பைக் கையில் எடுத்தேன். ஜப்பானியர் இந்தத் தட்டுகளுக்கு வேண்டுமென்றே துருவேற்றுவார்கள். அது அழுக்கல்ல, மெருகு. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் அதில் ஒரு நிறம். முதல் தட்டு மெல்லியது, சிறகு விரித்த நாரை வெட்டப்பட்டது, சாக்லேட் நிறம். இரண்டாவது கறுப்பு, மழமழவென்றிருந்தது, பைன் மரம் ஓவியம்போல் செதுக்கப்பட்டது. மூன்றாவது கனம், முரட்டு விளிம்பு, இடமும் வலமும் அச்சுப் பிசகாத வடிவம். இரண்டு நாள் கேட்டேன். தட்டுகளையும் கேட்டேன். சாகிப் ஒரு கணம் யோசித்து, துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் கோட்டைப் பகுதியில் ஒரு நூலகத்தில் நாள் முழுவதும் இருந்தேன். பழைய படப் புத்தகம் ஒன்று இருந்தது. நாரைத் தட்டு ஹிகோ. இன்றைய குமமோட்டோ ஊர். பைன் மரம் சோஷூ, ஹகி என்ற ஊர்ப் பட்டறை. முரட்டுத் தட்டு ஒவாரி, அதாவது நகோயா. மூன்றையும் சந்தேகமில்லாமல் நிறுவினேன். பக்கத்து மேஜைப் பார்சிக் கிழவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும்.

அந்த உற்சாகத்தில்தான் தவறான ரயிலில் ஏறினேன். மாதுங்காவில் நிற்காத வேக வண்டி. என் நிலையம் ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோடாகப் போயிற்று. அடுத்த நிலையங்களில் வண்டி நின்றது. ஆனால் நான் வாசலை அடைய முடியவில்லை. ஒரு கும்பல் ஜால்ரா தட்டி மராத்தியில் பஜனை பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் கேட்டது என் அரைகுறை மராத்திக்கே புரிந்தது: "இந்தப் பெரியவர் டோம்பிவிலியிலா இருக்கிறார்?" ஜால்ராக்காரர் தாளம் விடாமல் பதில் சொன்னார்: "இன்றைக்கு முதல்."

ஒரு மணி நேரம் தள்ளி, புறநகரான டோம்பிவிலியில் கூட்டத்தோடு வெளியே கொட்டப்பட்டேன். அம்பர்நாத் தொழிற்சாலையில் வேலை முடிந்து அங்கே குடியிருக்கும் ஒரு தமிழர் என்னை எதிர்ப் பிளாட்பாரத்துக்கு அழைத்துப்போய், சூடாக ஒரு பட்டாட்டா வடையும் வாங்கிக் கொடுத்தார். உருளைக்கிழங்கு உருண்டையைப் பூண்டுக் காரத்தோடு தின்றபோதுதான் விஷயம் உறைத்தது. மூன்று தட்டு, மூன்று ஊர். ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல். எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன்; அதனால் டாக்டரின் ஊர் எது என்பதற்கு ஒரு பதிலும் இல்லை. சுங்க இலாகாவில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பது ஒன்று, எங்கேயிருந்து அனுப்பப்பட்டது என்பது வேறொன்று. நான் முதல் கட்டத்தை நிரப்பிவிட்டுக் கோப்பை மூடப் பார்த்திருக்கிறேன்.

களைத்து வந்து மூட்டையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன். அது என் தவறு. மேடையில் வைத்த எதுவும் சரோஜாவின் அதிகார எல்லைக்குள் வந்துவிடும்.

காலையில் ஆறு இருபதுக்கு எழுந்து வந்தால், ஜன்னல் வெயிலில் மூன்று தட்டுகளும் புது எவர்சில்வர்போல் மின்னிக்கொண்டிருந்தன. இரவெல்லாம் புளித்தண்ணீரில் ஊறவைத்து, காலையில் செங்கல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறாள். சாக்லேட் நிறம் இல்லை, கறுப்பு இல்லை. மூன்று ஊரும் ஒரே சாம்பல் நிறம்.

"என்ன பண்ணியிருக்கே சரோஜா?"

"ஏன்? இன்னொருத்தர் ஆத்து சாமான். துருவோடயா திருப்பிக் குடுக்கறது? நாளைக்கு அந்த ஜப்பான்காரர் வேற நம்மாத்துக்குச் சாப்பிட வரார். பார்த்தா என்ன நெனச்சுப்பார்?"

வெங்கிட்டு செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. மணையில் உட்கார்ந்தேன். நம் வீடுகளில் அடுத்தவர் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுப்பது அவமரியாதை. என் அம்மா இருந்திருந்தால் இவளைவிட அழுத்தித் தேய்த்திருப்பாள். தடயம் போய், அதிகாரியின் குறிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. உத்தியோகத்தில் அப்படிப்பட்ட வழக்குகளை நானே தள்ளுபடி செய்திருக்கிறேன்.

தாராவிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சாகிப் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கச்சி நல்ல மனசோடதான செஞ்சிருக்கு என்று மட்டும் சொல்லி, எனக்குக் காப்பி வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

பட்டறையில் அந்தோணி என்று ஒரு அச்சு வெட்டுகிறவர். ஐம்பது வயது, பாளையங்கோட்டைப் பக்கம், கண்ணில் கண்ணாடி, காதில் பென்சில். கொக்கிகளில் பூவும் கொடியும் விழுவது அவர் உளியால்தான். என்ன வேய் இது, புதுசா கொக்கி ஆர்டரா என்று ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. திரும்பி வரும்போது அவர் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

"சார், இது மூணும் மூணு ஊரு சாமான்னு சொல்லுதீக. ஆனா நடுத் தொளையில தட்டியிருக்கவன் ஒருத்தன்தான்."

என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். நடுத் துளையின் ஓரத்தில் மேலும் கீழும் சின்னச் சின்ன உளித்தடங்கள். ஒரு தட்டைப் புது வாளில் பொருத்தும்போது துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால், ஓரத்தில் உளியால் தட்டி இரும்பை உள்ளே தள்ளி இறுக்குவார்கள். அதை நான் அறிவேன். என் நாற்பது பக்கத்தில் அதற்கு ஒரே வரி கொடுத்திருக்கிறேன்: 'பிற்காலச் சேதம், மதிப்பைக் குறைக்கலாம்.'

"எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"உளிய நான் தெனம் சாணை புடிக்கேன் சார். மொனையில ஒரு மூல ஒடஞ்சிருந்தா, அடிக்கிற ஒவ்வொரு அடியிலயும் அந்தப் பல்லு விழும். இங்க பாருங்க, வலது ஓரம். இதுலயும் அதே பல்லு. இதுலயும்."

பார்த்தேன். பிறைபோல் ஒரு தடம், அதன் வலது நுனியில் எறும்புத் தலை அளவு ஒரு பிசிறு. மூன்று தட்டிலும் அதே பிசிறு. துருவுக்கு அடியில் நேற்று வரை ஒளிந்திருந்தது. வெங்கிட்டு சத்தியம் செய்வார், நான் அன்றைக்குத் தாராவியில் எழுந்து நின்று கைதட்டினேன் என்று. அவர் அங்கே இல்லை. ஆனாலும் அது உண்மை.

அந்தோணி இன்னும் முடிக்கவில்லை. பைன் மரத் தட்டிலும் முரட்டுத் தட்டிலும் அந்தத் தடங்களுக்கு அடியில் வேறு தடங்களும் இருந்தன. பழையவை, வேறு உளி, மேலே அடித்ததில் நசுங்கியவை. நாரைத் தட்டில் மட்டும் அடியில் ஒன்றுமில்லை.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இரண்டு தட்டுகள் எங்கெங்கோ பிறந்து, வேறு வாள்களில் இருந்து, பிறகு இந்த உளிக்காரனிடம் வந்திருக்கின்றன. நாரைத் தட்டு வேறெங்கும் போனதில்லை. முதலும் கடைசியுமாக இவன் கையில்தான் வாளில் ஏறியிருக்கிறது. அது பிறந்தது ஹிகோவில். ஆகவே உளிக்காரன் இருந்த ஊர் ஹிகோ. வாளைக் கொடுத்துப் பொருத்திக்கொண்ட குடும்பமும் அங்கேதான். சாகிப்பிடம் குமமோட்டோ என்றேன். அவர் அந்தச் சொல்லை மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். டாக்டர் சொன்ன ஊர் அதுதானா என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். ஞாபகமில்ல. ஆனா வாயில நல்லா ஒக்காருது."

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் நாட்டை விட்டுப் போவதற்கு அனுமதி வேண்டும். விண்ணப்பம் மூன்று நகல், படம் இரண்டு, விவரக் குறிப்பு ஒன்று. எல்லாவற்றையும் கட்டி, இரண்டு நாள் அலைவதற்கு ஆயத்தமாகத் தொல்பொருள் அலுவலகத்துக்குப் போனேன். எதிரே இருந்த இளைஞர் பத்து நிமிடம் படித்தார், தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார், முத்திரை குத்தினார். அரசாங்கத்தைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயங்களை அவர் இப்படிக் கெடுத்திருக்க வேண்டியதில்லை.

ஒகாவா செம்பூரிலிருந்து வெங்கிட்டுவோடு வந்தார். குர்லாவில் வண்டி மாறும்போது கூட்டம் அவரைத் தூக்கியே ஏற்றிவிட்டதாம். டோக்கியோவில் இதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம், இங்கே இலவசம் என்றார். ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கி உறிஞ்சிக் குடித்து, இரண்டாம் முறையும் கேட்டார். சரோஜாவின் பார்வையில் அந்த நிமிடமே அவர் நம்மவராகிவிட்டார்.

தனக்குப் பம்பு தெரியும், வாள் தெரியாது என்று சொல்லிவிட்டு, நான் எழுதியதை இரண்டு முறை படித்தார். குமமோட்டோவில் உள்ளூர்ப் பத்திரிகை இருக்கிறது, டாக்டர்கள் சங்கம் இருக்கும், விளம்பரம் கொடுக்கிறேன் என்றார். சாப்பாட்டுக்கு வந்திருந்த சாகிப் எழுந்து நின்று தட்டுகளை நீட்டினார். ஒகாவாவும் எழுந்து நின்று வாங்கினார். இருவரும் இரண்டு கைகளால். கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை.

கப்பல் புறப்படும் நாளன்று துறைமுகத்துக்குப் போனேன். மாலையும் டிரங்குப் பெட்டியும் அழுகையுமாக ஒரு திருவிழா. தமிழ், மராத்தி, உருது எல்லாவற்றிலும் ஒரே விண்ணப்பம் கேட்டது: தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். சாகிப் என்னிடமும் கேட்டார். என்னைத் துளைத்துக்கொண்டிருந்ததை நானும் சொல்லிவிட்டேன். பதினாறணா நிச்சயம் என்று சொல்ல முடியாது, பன்னிரண்டணாதான் என்றேன். வாளில் ஏறுமுன்பே ஒரு தட்டு கைமாறிக் கைமாறி எந்த ஊருக்கும் போய்ச் சேரலாம்.

அவர் சிரித்தார். "நான் தேடினேன், தெரிஞ்சவுக கிட்டக் கேட்டேன், ஒப்படைச்சேன். என் கணக்கு முடிஞ்சிது. இனி மிச்ச நாலணா உங்க தலைமேலதான் சார்."

ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றுகூட என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது கெடுத்தது. மாம்பலத்தில் தபால்காரர் என்னைத் தெருமுனையிலேயே பார்த்துத் தலையசைத்து, இல்லை என்று சைகை செய்யப் பழகிவிட்டார்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. ஒகாவா எழுதியிருந்தார். விளம்பரம் வந்த இரண்டாம் நாள் குமமோட்டோவில் ஒரு அம்மாள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாராம். டாக்டர் தனாகாவின் மனைவி. டாக்டர் யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, ஆறு வருடம் வைத்தியம் பார்த்து, இறந்துபோயிருக்கிறார். தட்டுகளை அந்த அம்மாள் மேஜைமேல் வாங்கி வைத்தார். ஆனால் முதலில் கேட்டது அவற்றைப் பற்றியல்ல. கணவர் சாகும்வரை அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாராம், ஒரு நல்ல தேகமுள்ள பையனை நோயாளி என்று எழுதிவிட்டேன் என்று. அந்தப் பையன் இப்போது சுகமாக இருக்கிறானா என்று கேட்டார்.

எந்த வினாவுக்கும் உடனே குறிப்பெழுதிப் பழகியவன் நான். இதற்குப் பதிலெழுத எனக்கு அதிகாரமில்லை. கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'உரியவர் பதில் எழுதுக' என்று குறித்து, மக்காவிலிருந்து திரும்பியிருந்த மீரான் சாகிப்புக்கு அன்றைய தபாலிலேயே அனுப்பினேன்.